ஏழு மெத்தைக்கு அடியில் ஒரு மிளகு

பட்டாணி உறுத்தி அழுத ராஜகுமாரியின் கதை தெரியும் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பட்டாணியாவது, மண்ணாவது! கொச்சிப் பக்கம் மட்டாஞ்சேரியில் அது மிளகு. பேசாமல் கேளுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருடம். மிளகு வியாபாரி வீட்டு சுலைஹா, தன் மகன் நஜ்முதீனுக்குப் பூப்போன்ற உடம்புள்ள பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெண் பார்க்கப் போகாமல், பெண்களையே வீட்டுக்கு அழைத்து, மத்தியானம் நெய்ச்சோறு போட்டு, ஏழு மெத்தைமேல் படுக்கவைத்தாள். அடிமெத்தைக்குக் கீழே ஒரே ஒரு மிளகு; அது உறுத்துகிறவளே மருமகள். கப்பலில் ஏற்றக் கட்டிவைத்த மூட்டையிலிருந்து எடுத்தது.

ரகசியமாம் ரகசியம்! மெத்தை சுமந்து வந்தவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். வந்த பெண்களெல்லாம் "அல்லாவே, என் முதுகு!" என்று அலறினார்கள். சகீலா என்பவள் மெத்தைக்கு ஏணியில் ஏறும்போதே அழுதாள். யாரை நம்புவது? சுலைஹா குழம்பிப் போனாள்.

கடைசியாக மரியம் வந்தாள். மிளகு காயப்போடும் முற்றத்தில் வளர்ந்தவள். படுத்ததும் குறட்டை விட்டாள். கதவுக்குப் பின்னால் நஜ்முதீன் சிரித்துவிட்டான்.

"ஏ புள்ளே, உனக்கு ஒண்ணும் உறுத்தலையா?" என்று சுலைஹா அவளை உலுக்கினாள்.

"இல்லையே மாமி. ஊர்ல சொல்ற மாதிரி மெய்யாவே மிளகு வச்சீங்களா? எங்கே, பார்ப்போம்!"

மரியத்துக்குப் பொறுக்கவில்லை. மெத்தைகளைப் புரட்டி, மிளகை எடுத்துக் கடித்தாள். முகம் மாறியது.

"மாமி, நல்லாக் காஞ்ச மிளகு பல்லுல பட்டதும் ஒடையும். இது நசுங்குது. எந்த மூட்டையில எடுத்தீங்க?"

"கப்பலுக்குக் கட்டின மூட்டையிலதான்!" என்றாள் சுலைஹா. அன்று சாயங்காலம் நாற்பது மூட்டையும் கப்பலேற வேண்டும். ஈரத்தோடு போனால் நடுக்கடலில் பூசணம் பிடிக்கும். அப்புறம் அந்த வீட்டு மிளகை யார் தொடுவார்கள்? ஓடிப்போய் மூட்டைகளைப் பிரித்தார்கள். எல்லாமே ஈரம். அத்தனையையும் பாய்விரித்துக் கொட்டினார்கள்.

சுலைஹா மரியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூ உடம்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீதான் என் மருமக."

"இந்தச் சரக்கை வாங்கினது யாரு மாமி?"

"எம் மவன்தான்."

"கடிச்சுப் பார்க்காமலா?"

சுலைஹா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்ப அவரை எங்க முற்றத்துக்கு அனுப்புங்க. நாலு நாள் வெயில்ல நின்னு மிளகு கிளறட்டும். வேலை கத்துக்கிட்டா, கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொல்றேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து நஜ்முதீன் மெல்ல எட்டிப் பார்த்தான்.

"நாலு என்ன, அஞ்சு நாளே வரட்டுமா?"