அவளுக்கு ஆகாரம்

கல் வெட்டுகிறவரின் பட்டறையில் குருவிக்கென்று ஒரு கறுப்புக் கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெயரும் இரண்டு தேதிகளும் சாக்பீஸால் எழுதியாகிவிட்டன. அடியில் ஒரு வசனத்துக்கு இடம் பாக்கி. அதைச் சொல்லத்தான் பெற்றவர்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். குருவிக்குப் பன்னிரண்டு வயது. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர்.

“‘சிறு பெண்ணே, எழுந்திரு’ன்னு போட்டுடுங்கண்ணே,” என்றார் அப்பா. செத்துக் கிடந்த சிறுமியை இயேசு கையைப் பிடித்து எழுப்பியபோது சொன்ன வார்த்தை அது. அந்தச் சிறுமிக்கும் பன்னிரண்டு வயதுதான்.

“நல்ல வசனம். இந்த மாசத்துல மூணாவது. கண்ணை மூடிக்கிட்டே வெட்டிடுவேன்,” என்றார் கல் வெட்டுகிறவர்.

“அது வேண்டாம்ண்ணே,” என்றாள் அம்மா. “அதுக்கு அப்புறம் வர்றது. ‘அவளுக்கு ஆகாரம் கொடுங்கள்.’”

“ஏம்மா, இது கல்லறையா, ஓட்டல் போர்டா?” என்று சிரித்தவர், இரண்டு முகங்களையும் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அன்று ஆஸ்பத்திரியில் குருவியின் கட்டில் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது: ‘ஆகாரம் கொடுக்கக் கூடாது.’ காலை எட்டு மணிக்கு என்ற ஆபரேஷன் பத்தாகி, ஒன்றாகி, நாலு மணிக்குப் போய் நின்றது. “ஆகாரம்தானே கூடாது? பிஸ்கெட் ஆகாரம் இல்லம்மா, நொறுக்குத் தீனி,” என்று குருவி வக்கீல் மாதிரி வாதாடினாள். மத்தியானத்துக்கு மேல் வாதம் கெஞ்சலாயிற்று. மனசு கேட்காமல் அப்பா அரை பிஸ்கெட்டை நீட்டினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“முடிச்சுட்டு வாடி, முழுப் பாக்கெட்டும் உனக்குத்தான்.”

உள்ளே போன குருவி அப்புறம் கண் திறக்கவேயில்லை. பாக்கெட் இன்னும் அம்மாவின் கைப்பையில் பிரிக்காமல் கிடக்கிறது.

“அந்தப் பொண்ணு எழுந்ததும் பெத்தவங்ககூட வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்கண்ணே,” என்றாள் அம்மா. “புள்ளைக்குப் பசிக்குமேன்னு ஒருத்தருக்கும் தோணல. எழுப்பினவருக்குத்தான் தோணிச்சு. எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், எழுந்ததுதான் அற்புதம்னு அதோட நிறுத்திடுவேன். என் பொண்ணு பசியோட போன பிறகுதான் அடுத்த வரி கண்ணுல பட்டுச்சு.”

அப்பா வாசல் பக்கம் திரும்பி நின்றார். “அன்னிக்கு நீ செஞ்சது சரிதான்,” என்றார். கையைத் தட்டிவிட்டதைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

“சரின்னு எனக்கும் தெரியுங்க. தப்பா இருந்தா அழுது தீத்திருப்பேன்.”

கல் வெட்டுகிறவர் விரல்விட்டு எண்ணினார். “பதினாலு எழுத்தும்மா. இடம் இடிக்குது. தேதியைச் சின்னதாக்கட்டுமா?”

“ரெண்டாவது தேதியை.”

ஈரத் துணியால் அந்தத் தேதியைத் துடைத்துச் சிறியதாக எழுதினார். பிறகு வசனத்தைத் தொடங்கினார். ‘கொடு’ வரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“‘கொடுங்கள்’தானே? பாக்கறவங்க கேப்பாங்களேம்மா, யாரைக் கொடுக்கச் சொல்றாருன்னு?”

“என்னைத்தாண்ணே,” என்றாள்.