நன்னடத்தைச் சான்று

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இரண்டே நாள். நாகல் நகர் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, காற்று எதிரே அடித்தால் திருச்சியிலிருந்து சென்னைக்கு எத்தனை நிமிடம் கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் அமலராணி. சென்னையில் அத்தை வீட்டில் தங்கி விமானம் ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கியவள். ஆனால் வந்தவர் போனவரெல்லாம், விமானத்தில் காப்பி கொடுக்கும் வேலைதானே என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

விமானி வேலைக்கு அழைத்திருந்த கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்த காகிதங்களில் பாக்கி ஒன்றே ஒன்று, நன்னடத்தைச் சான்று. ஜவுளிக்கடை வைத்திருந்த அவளுடைய அப்பா ராயப்பராஜ், அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் பெருமாள்சாமியிடம் அதை வாங்கிவந்து பெருமையாக நீட்டினார்.

வாசித்தாள். குனிந்த தலை நிமிராத பெண். வீட்டார் துணையில்லாமல் எங்கும் போனதில்லை. பெரியவர்கள் சொல்லாமல் தானாக எதையும் செய்யமாட்டாள். கீழே கையெழுத்து, முத்திரை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பறந்தவள், அதில் பாதி தன்னந்தனியாக. தானாக எதையும் செய்யாதவளிடம் எவன் விமானத்தை நம்பிக் கொடுப்பான்? மாட்டு வண்டியைக்கூடக் கொடுக்கமாட்டான். பறந்த நேரமெல்லாம் பதிந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே பெருமாள்சாமி வீட்டுக்குப் போனாள்.

அவர் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. நல்ல பெயரை நீயே கெடுத்துக்கொள்ளாதே என்று புத்தி சொன்னார். மாற்றி எழுத முடியாது என்றார். பிறகு அவள் அறியாததையும் சொன்னார்.

"உங்கப்பாதாம்மா இப்படி எழுதச் சொன்னாரு. ரெண்டு காப்பி வாங்கிட்டுப் போனாரே. ஒண்ணு செம்பட்டி மாப்பிள்ள வீட்டுக்கு."

விமானம் ஓட்டப் பணம் கட்டிய அதே அப்பா! ஊரார் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவரை என்ன சொல்லித் திட்டுவது? வீட்டுக்கு வந்து கேட்டபோது அவர் மழுப்பவும் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் கல்யாணமாவது நடக்கட்டுமே என்றார்.

வேறு யாரிடமும் சான்று வாங்க நேரமில்லை. மறுநாள் அந்தக் காகிதத்தையே ஃபைலில் வைத்து, அதன்மேல் புத்தகத்தை வைத்தாள். ரயிலடிக்குப் போனால், அங்கே சலவைச் சட்டையும் தோல் பையுமாக அப்பா முன்னாலேயே வந்து நிற்கிறார். கையில் இரண்டு டிக்கெட். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக எப்படி மெட்ராசுக்கு அனுப்புவது என்றார். இதுவரை ஒவ்வொரு தடவையும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். அவளும் ஒருநாளும் மறுத்ததில்லை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஒரு டிக்கெட்டை மட்டும் உருவிக்கொண்டாள்.

"நீங்க கூட வந்தா அதுல எழுதியிருக்கது நெசமாப் போயிரும்ப்பா. வீட்டுக்குப் போங்க."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். ராயப்பராஜ் மிச்சமிருந்த டிக்கெட்டோடு நடைமேடையில் நின்றார்.