யூதாசை இறக்கினது யார்?

ஜெஸ்லின் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். செபமாலை சொல்ல வந்த பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. பெற்றவளைக் கிடத்திப்போட்டுவிட்டு எழுத்து என்ன வேண்டிக்கிடக்கு என்று பிளாரன்ஸ் சித்தி முணுமுணுத்தாள். ஜெஸ்லின் காதில் வாங்கவில்லை. நாலு மணிக்கு அடக்கம். அம்மா சொன்னது மறப்பதற்குள் எழுதியாக வேண்டும்.

அம்மா எமில்டாவின் ஒரே மகன் ஆன்றோ கயிற்றில் நாண்டுகொண்டு செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதிலிருந்து தவக்காலம்தோறும் யேசுவின் பாடுகளை ஊரில் நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்கு அவள் முன்வரிசையில் போய் உட்காருவாள். யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாண்டுகொண்டதும் திரை விழும். அடுத்த காட்சி பிலாத்து அரண்மனை. யூதாசை இறக்கினது யார் என்று நாடகம் நடத்தும் அண்ணாவி இனிகோவை வருடா வருடம் பிடித்துக் கேட்பாள். நாடகப் புத்தகத்தில் இல்லை என்று அவர் நழுவிவிடுவார். முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க, யூதாசின் தாய் பேசவேண்டியதை எமில்டாவே சொன்னாள். மேடையில் ஏற்றிவிடு என்றாள். ஜெஸ்லின் சரியென்று கையைப் பிடித்திருந்தாள்.

மாலையோடு வந்த இனிகோவிடம் நோட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே புரட்டினார். நூறு வருடத்துப் புத்தகம், ஒரு வரி சேர்த்தாலும் ஊர் சண்டைக்கு வரும், பங்குச் சாமியாரும் ஒப்பமாட்டார் என்றார்.

"புஸ்தகத்துல இல்லேன்னா அவனுக்குத் தாயே இல்லேன்னு ஆயிருமா மாமா? நீங்க ஏத்தலேன்னா நானே வேசங்கட்டி ஏறுவேன். வந்து தடுத்துப் பாருங்க."

செபமாலை நின்றுபோனது. இனிகோ எமில்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து படித்தார். 'தாய் கயிற்றை அறுக்கிறாள்' என்ற இடத்தில் நிறுத்தினார். பேச்சு அம்மாவுடையது. அந்தக் குறிப்பு மட்டும் ஜெஸ்லின் தானாகப் போட்டது.

"ஏளா, அவ அறுக்கல. அறுத்தா பிள்ள விழுந்துருவான்னு முடிச்ச அவுத்தா. நகமெல்லாம் பிஞ்சிட்டு. நாந்தான் காலத் தாங்கிட்டு நின்னேன்."

அன்றைக்கு ஜெஸ்லின் நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்தாள். வந்து சேர்ந்தபோது ஆன்றோ பெட்டிக்குள் இருந்தான். இந்தப் பதினோரு வருடத்தில் அம்மாவும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

இனிகோ பேனாவை வாங்கி, 'அறுக்கிறாள்' என்பதை அடித்து 'அவிழ்க்கிறாள்' என்று எழுதினார். பின்பு பக்கத்தைத் திருப்பி, பாத்திரங்களின் பெயர் வரிசையில் தாய்க்குக் கீழே இன்னொரு ஆளைச் சேர்த்தார்.

'கால்களைத் தாங்கி நிற்பவன். வசனம் இல்லை.'