வேலியோர வரிசைகள்

“அம்மா, நமக்கு மட்டும் ஏன் தனிப் பாத்தி?”

சந்தைக்குப் போகும் முட்டைக்கோஸுக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். வீட்டுச் சமையலுக்கென்று மூலையில் ஒரு பாத்தியை மருந்து படாமல் காப்பாற்றுவார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அதுதான் நடைமுறை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மகள் இப்படிக் கேட்டாள். அடுத்த பருவத்திலிருந்து தோட்டக்காரி தோட்டம் முழுவதையுமே மருந்து படாத வீட்டுப் பாத்தியாக்கிவிட்டாள்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு, அவர் குரலை வைத்து, பீரங்கி என்று பெயர். வேலிக்கு அப்பாலிருந்து தினமும் ஒரு குண்டு வந்து விழும்.

“என்னம்மா, புழுவுக்கெல்லாம் பந்தி போட்டிருக்கியாமே!”

“ஆமாண்ணே, உங்ககிட்டேருந்து உயிர் தப்பி வந்ததுங்க. ரொம்பப் பசி!”

வாய் சிரித்தாலும் அவள் கண் வேலியோரத்திலேயே இருந்தது. ரசாயனத்தைக் கைவிட்ட விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் சோதித்துச் சான்று தருவார்கள். சான்று கிடைத்தால் பள்ளிக்கூடச் சமையலறை அவளிடமே காய் வாங்கும். ஆனால் அடுத்த நிலத்து மருந்து காற்றில் வந்து படிந்திருந்தால் வேலியோர விளைச்சலைத் தள்ளிவிடுவார்கள். அவளுடையதோ ஒடுங்கிய தோட்டம். ஓரம் போனால் மிச்சம் பள்ளிக்குப் போதாது.

சோதனைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் கேட்குமுன்பே அவள் சொல்லிவிட்டாள்: “இந்த ஓரத்தைச் சேர்க்காதீங்க. அண்ணன் அந்தப் பக்கம் மருந்து அடிக்கிறார்.”

மூவரில் ஒருத்தியான தக்காளி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பீரங்கியின் தோட்டத்தில் உள்வரிசைகள் பளபளவென்று நின்றன. வேலியை ஒட்டிய வரிசைகள் மட்டும் சல்லடைக் கண்ணாய்ப் புழு தின்று கிடந்தன.

“என்னண்ணே, இங்க மட்டும் மருந்து அடிக்கலையா?”

பீரங்கி பிடரியைச் சொறிந்தார். “அது... ட்யூப் எட்டல.”

“முதுகுல மாட்டுற டேங்குக்கு ட்யூப் எட்டலையா?”

“வந்த வேலையப் பாருங்கம்மா!” குண்டு மறுபடி முழங்கியது.

தோட்டக்காரிக்குக் கண் கலங்கியது. கேலி பேசிக்கொண்டே அந்த மனிதர் பருவத்துக்குப் பருவம் தன் விளைச்சலில் ஒரு பங்கைப் புழுவுக்குக் கொடுத்திருக்கிறார். ஆண்டவன் சில உதவிகளை இப்படித்தான் முரட்டு ஆட்களிடம் கொடுத்தனுப்புகிறான்.

இலையும் மண்ணும் சோதனையில் தேறின. ஓரமும் சேர்ந்தது.

“நம்ம குழுவோட முதல் கூட்டத்துக்கு நாங்க எல்லாரும் ஒரே வேன்ல போனோம்டி,” என்றாள் தக்காளி அக்கா. “இப்ப நாடு பூரா குழு. மண்டபம் பத்தாம மைதானத்துல கூட்டம் வைக்கிறாங்க. நீ முன்வரிசையில வந்து உக்காரணும்.”

முதல் சுமையைப் பள்ளிச் சமையலறையில் இறக்கியபோது, தோட்டக்காரி நிமிர்ந்து நின்றாள். அந்தப் பிள்ளைகளுக்கும் தன் மகளுக்கும் இனி ஒரே பாத்தி.

பீரங்கியிடம் நன்றி சொல்ல வாயெடுத்தாள். “நன்றி கின்றின்னு வந்தே, நாளைக்கே மருந்து அடிச்சிருவேன்!” என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் விடியலில் அவர் சந்தைக்குக் கிளம்பிப் போனதும், பூண்டும் மிளகாயும் அரைத்துக் கலந்த பூச்சிவிரட்டிக் கரைசலோடு அவள் வேலியைத் தாண்டினாள். அவருடைய ஓர வரிசைகளில் ஒவ்வோர் இலையாகத் திருப்பி, புழுக்களைக் கையால் பொறுக்கினாள். இலையின் அடிப்பக்கம் நனையக் கரைசலைத் தெளித்தாள்.

அவர் திரும்பி வருவதற்குள் இலைகளின் ஈரம் சுவடில்லாமல் காய்ந்திருந்தது.