மனுவில் அந்த ஒரு வரி

"நெஞ்சுவலின்னே இருக்கட்டும் பாண்டி. நாலு பேரு கேட்டா..."

"நாலு பேரு கேக்கணும்னுதான மாமா சொல்றேன்."

"வீட்ல கலியாணத்துக்குப் பொண்ணு இருக்கு."

"அந்தப் பொண்ணு நாந்தான மாமா. வாரவன் வரட்டும்."

பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நேற்று எரித்த அக்கா மகன் விக்ரமுக்குப் பால் தெளித்துவிட்டு, நல்லகாமன் மாமா அப்போதுதான் பரவைச் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார். பாண்டீஸ்வரி அரசு மருத்துவமனையில் நர்ஸ். தம்பி விக்ரம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதை அவன் கையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அந்தப் பேச்சு பந்தலைத் தாண்டக் கூடாது என்றார் மாமா.

விக்ரம் படித்த பள்ளியின் தலைமையாசிரியை ஹெப்சிபா மடியில் மனுவோடு உட்கார்ந்திருந்தார். பாண்டீஸ்வரி கேட்டதால் அவர் எழுதியதுதான். இப்படி மாத்திரையால் மூச்சு அடங்குகிறவனை மீட்கும் நலோக்சோன் ஊசி மருந்தைப் பள்ளியில் வைக்கவும், அதைப் போட ஆசிரியர்களைப் பழக்கவும் அனுமதி வேண்டும். பையன் எதனால் போனான் என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. வீட்டார் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டால் மேலே உள்ளவர்கள் தட்டிக்கழிக்க முடியாது என்றார். அவன் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேரிடம் அந்தப் பழக்கம் இருப்பதையும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அம்மா முத்துமீனா சுவரோரம் இருந்தாள். அதே பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். கழிப்பறை வாசலில் மகன் விழுந்ததும் வலிப்பென்று நினைத்து, அரிசி அறைச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். இப்போது தெளிந்துவிடும் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது உதடு நீலமாகியிருந்தது.

"அந்த மருந்து இருந்திருந்தா பொழைச்சிருப்பானா பாண்டி?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பாண்டீஸ்வரி ஒரு கணம் நினைத்தாள். மாமாவும் அதைத்தான் கண்ணால் கேட்டார்.

"பொழைச்சிருக்கலாம்மா."

முத்துமீனா வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்திருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"உள்ளத எழுது."

மாமா "அக்கா..." என்று இழுத்தார். மகள் எழுதி முடிக்கும்வரை முத்துமீனா அவர் பக்கம் திரும்பவில்லை. பிறகு தன் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, பேனாவை மூடி, காகிதத்தைத் தலைமையாசிரியையிடம் நீட்டினாள். அவர் பிடித்த பிறகும் விடவில்லை.

"டீச்சர், சமையக்காரிக்கும் அந்த ஊசி போடச் சொல்லிக் குடுப்பீகளா?"