கூரைப்புடவையின் கரை

கணபதிராமனுக்கு எந்தக் காரியத்தையும் ஒரு சபை வைத்துத்தான் செய்யத் தெரியும். வீட்டில் எலித் தொல்லை என்றால்கூட முதலில் ஒரு தலைவர், அப்புறம் ஒரு காரியதரிசி, எலிப்பொறி அதற்கும் அப்புறம். மைசூர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் அவர் சூப்பரின்டென்டென்ட். ஆபீஸில் வேலை குறைவாகவும் மேஜை பெரிதாகவும் இருந்ததால் ஊருக்கு உழைக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

யுத்தம் முற்றி, துணிக்குப் பங்கீடு வந்து, கடைக்காரர்கள் வாடிக்கையாளரைப் பார்த்ததும் கையை விரிக்கத் தொடங்கிய வருஷம் அவர் ‘பழந்துணிப் புனர்ஜன்ம சபை’யை ஆரம்பித்தார். வீடு வீடாகப் பழைய துணி சேகரிப்பது, அதைப் பிரித்து வெட்டிப் புதுத் துணியாகத் தைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது. நல்ல காரியம்தான், அதைப் பற்றி அவர் பேசாமல் இருந்திருந்தால். “கந்தல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, நம் பார்வைதான் கந்தல்” என்று அவர் முழங்கியபோது முன் வரிசையில் இருந்தவர்கள் தங்கள் அங்கவஸ்திரத்தின் கிழிசலைச் சற்று உள்ளே மடித்துக்கொண்டு கை தட்டினார்கள். சபைக்கென்று ஒரு பெயர்ப் பதாகை வேண்டியிருந்தது. பழந்துணியில் எழுத்து எடுபடாது என்று அதை மட்டும் புது மல் துணியில் எழுதினார்கள்.

சபையின் தையல்காரர் லிங்கப்பன். அவர் கையில் ஒரு கை கோடும் ஒரு கை கட்டமுமான சட்டைகள் பிறந்தன. தலையணை உறைகள் நிஜாராக மாறின. உடம்பு மறைந்தது, ஜனங்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

கணபதிராமனின் மனைவி அன்னபூர்ணிக்குச் சபைகளில் நம்பிக்கை கிடையாது. ஆனால் புருஷனிடம் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

அவள் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்குகிறவள் சித்தம்மா, ஹனூர் பக்கத்து ராமாபுரத்துக்காரி. அவள் மகள் மாதேவிக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு புடவை எடுக்கலாம் என்றால் ஊரில் புடவையே இல்லை. அன்னபூர்ணி பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக் கூரைப்புடவையை எடுத்தாள். அரக்குப் பட்டு, ஒன்பது கஜம், இரண்டு பக்கமும் கனத்த ஜரிகைக் கரை.

“ஆறு கஜத்துக்கு ஒரு புடவை வெட்டிக்கலாம். மிச்சத்துல ரவிக்கை வரும்,” என்றாள்.

சித்தம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கரையைத் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. “இதென்னங்கம்மா, மஞ்சள் நூல்ல மாங்கா மாதிரி?”

“ஹோமத்துல பொறி விழுந்து ஓட்டையாயிடுத்து. ஜரிகை நூலுக்கு எங்கே போறது? மஞ்சள் நூலால நானே இழை ஓட்டினேன்.”

பொறி தானாக விழவில்லை. பெரியவர்கள் முன்னால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட, பதினேழு வயது மாப்பிள்ளை ஒரு கரண்டி நெய்க்குப் பதில் கிண்ணத்தையே கவிழ்த்தார். அக்கினி எழும்பிப் பெண்ணின் புடவையைத் தொட்டது. அன்று அவர் முகம் வெளுத்துப்போய், “சுட்டுடுத்தா?” என்று கேட்டார். அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. இத்தனை வருஷத்தில் அன்னபூர்ணி பெட்டியைத் திறந்தபோதெல்லாம் பார்த்தது ஜரிகையை அல்ல, அந்த மாங்காயைத்தான்.

புடவையை அவளே வெட்டித் தைத்திருப்பாள். கணபதிராமன் விடவில்லை.

“சபை மூலமா போகட்டும், அன்னம். தலைவர் ஆத்துலேர்ந்தே கூரைப்புடவை வந்ததுன்னா ஊருக்கு ஒரு முன்மாதிரி.”

“மாதேவிக்குன்னு சொல்லிட்டேன். கை மாறிடப்படாது.”

“என் வாக்குடீ. லிங்கப்பன்கிட்ட நானே கொடுக்கறேன்.”

கூட்டத்தில் புடவையைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் வந்தது. பிறகு நவராத்திரி நெருங்கும்வரை சபையில் புடவையைப் பற்றிப் பேச்சே இல்லை.

“புடவை ஆயிடுச்சுங்களாம்மா?” என்று சித்தம்மா சங்கோசத்தோடு கேட்பாள். அன்னபூர்ணி கணவரிடம் கேட்பாள். “பட்டுன்னா அவசரப்படப்படாது” என்று ஒரு நாள், “மெஷின்ல ஊசி ஒடிஞ்சுடுத்து” என்று ஒரு நாள். அன்னபூர்ணி அதையெல்லாம் அப்படியே சித்தம்மாவிடம் சொன்னாள், தன் வாக்காக.

அந்தச் சமயத்தில்தான் அரண்மனையிலிருந்து தசரா தர்பார் அழைப்பு வந்தது. சபைத் தொண்டுக்காகத்தான் என்று கணபதிராமன் சொல்லிக்கொண்டார். அந்த அழைப்பு அவருடைய ஆபீஸில் எல்லா சூப்பரின்டென்டென்டுகளுக்கும் வந்திருந்தது. தர்பார் என்றால் நீண்ட கறுப்புக் கோட்டு வேண்டும், தலையில் ஜரிகைப் பேட்டா என்ற மைசூர்த் தலைப்பாகை வேண்டும். பேட்டா இல்லாத தலையை அரண்மனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜரிகை வைத்த துணிக்கு அந்த வருஷம் ஊர் முழுக்கப் பஞ்சம். கணபதிராமனுக்கு மட்டும் எப்படியோ கிடைத்தது.

“சந்தேப்பேட்டை ஜவுளிக்கடையில சொல்லி வெச்சிருந்தேன்,” என்றார்.

பேட்டாத் துணியைத் தனி ஆளாக மடிக்க முடியாது. ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் எதிர்முனையில் நின்று இழுத்து மடிப்பு வைக்க வேண்டும், அதன் பிறகுதான் தலையில் சுற்றலாம். வழக்கமாக அந்த முனையைப் பிடிப்பவன் ஆபீஸ் சேவகன் தொட்டையன். அவன் தசரா லீவில் ஊருக்குப் போய்விட்டான். வாசலில் ஜட்கா வந்து நின்றது. கணபதிராமன் கோட்டு மாட்டிக்கொண்டு, கூடத்து நிலைக்கண்ணாடி முன் நின்று கூப்பிட்டார்.

“அன்னம், இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ.”

பிடித்துக்கொண்டாள். வெள்ளை மல் துணி, இரண்டு ஓரத்திலும் ஜரிகை ஒட்டுப் போட்டிருந்தது. அவர் இழுக்க, ஓரம் அவள் உள்ளங்கையில் நழுவியது. அவள் கட்டைவிரலுக்குக் கீழே மஞ்சள் மாங்காய் வந்து நின்றது.

அவள் அந்த இடத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“ஏன்னா, இது என்ன?”

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். “ஜரிகை அறுந்திருக்குமோ என்னமோ. அந்த லிங்கப்பன் கவனிக்காமத் தெச்சுட்டான். மடிப்புக்குள்ள போயிடும், தெரியாது.”

திருடியதை அவள் ஒருவேளை பொறுத்திருப்பாள். அவருக்கு அந்த மாங்காய் ஞாபகமே இல்லை.

“சந்தேப்பேட்டையில வாங்கினதை லிங்கப்பன் ஏன் தைக்கணும்?”

கணபதிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பொய் அகப்பட்டுக்கொண்டால் அவர் சொற்பொழிவுக்கு மாறிவிடுவது வழக்கம். “இதோ பார், நான் தர்பார்ல உக்கார்றதுன்னா சபையே உக்கார்ற மாதிரி. ஒரு பழந்துணி அரண்மனைக்குள்ள போறதுன்னா, அதைவிடப் புனர்ஜன்மம் உண்டா?”

“அது மாதேவியோட முகூர்த்தப் புடவை.”

“புடவைக்கு என்ன வந்தது? ஒன்பது கஜமும் லிங்கப்பன்கிட்ட அப்படியே இருக்கு. கரையை மட்டுந்தானே எடுத்தேன்.”

கரையில்லாத புடவையை மணையில் உட்காரும் பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கரை என்பது தலையில் சுற்றுவதற்காக நெய்யப்பட்டது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்கட்டு நிலையருகே சித்தம்மா நின்றிருந்தாள். ஐயாவின் தர்பார் வேஷத்தைப் பார்க்கலாம் என்று ஆசையாக வந்தவள். மாங்காயை அவளும் பார்த்துவிட்டாள். அவள் ஐயாவைப் பார்க்கவில்லை. அவள் பார்வை, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் மேல் இருந்தது.

“ஐயாவுக்கு நல்லா எடுப்பா இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அன்னபூர்ணி முனையை விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கரையின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“என்ன பண்றே? ஜட்கா நிக்கறது.”

“நிக்கட்டும்.”

“அன்னம், விடு.”

“நீங்க விடுங்கோ.”

அவர் இழுத்தார், கரை முனகியது. துணியின் ஒரு கோடியில் அவர் கண்ணாடி முன்னால் கறுப்புக் கோட்டில் நின்றிருந்தார், மறு கோடியில் அவள் தரையில் குனிந்து ஒவ்வொரு தையலாக எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே குதிரை காலைத் தட்டியது. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார் என்றுதான் அன்னபூர்ணி நம்பினாள். வந்து பக்கத்தில் உட்காருவார், “சுட்டுடுத்தா” என்று கேட்ட அந்தப் பையன் உள்ளே எங்கேயாவது மிச்சமிருப்பான் என்று எதிர்பார்த்தாள்.

அவர் அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். துணியை நடுவில், மல்லும் கரையுமாகச் சேர்த்து, ஒரே வெட்டு. தன் பாதியைத் தலையில் சுற்றினார். அது போதவில்லை. கொடியில் கிடந்த பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்து உயரம் கொடுத்துக்கொண்டார். சபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு பழந்துணிக்கு அவர் தம் கையாலேயே மறுபிறவி கொடுத்தது அது ஒன்றுதான். ஜட்கா போனது.

தர்பாரில் அவருக்குக் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பேட்டாவை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, எல்லோரும் பார்த்ததாகச் சொன்னார். கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

மறுநாள் அன்னபூர்ணி லிங்கப்பன் கடைக்குப் போனாள். அவர் கரையிழந்த பட்டை மடித்துக் கொடுத்தார். “நான் பேடா, வேணாம்னுதான் சொன்னேன்மா. ஐயாவே வந்து நின்னு வெட்டச் சொன்னாரு,” என்றார். அவள் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் உட்கார்ந்து ஆறு கஜம் வெட்டினாள். தன்னிடம் தங்கிய இரண்டு பாதிக் கரைகளையும் ஒட்டுப் போட்டுக் கீழ் ஓரம் முழுக்கத் தைத்தாள். எஞ்சியதை மேல் ஓரத்தில், முந்தானைப் பக்கமாகத் தைத்தாள். இடுப்பில் சொருகும் பக்கத்துக்கு மேல் கரை வரவில்லை. மாங்காயை அவள் ஒளிக்கவில்லை.

சித்தம்மாவைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். “அன்னிக்கு எனக்கும் உன்னை மாதிரிதான் தெரியாது,” என்றாள்.

சித்தம்மா புடவையைப் பிரித்து, கரை நின்றுபோன இடம்வரை விரலால் போனாள்.

“உள்ள சொருகற பக்கந்தானுங்க. யாரு பாக்கப் போறாங்க.” மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “அம்மா, நான் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. இனி யாருக்காச்சும் எதையாச்சும் குடுக்கறதா இருந்தா, ஐயா காதுல போடாதீங்க.”

அந்த ஐப்பசியில் மாதேவி அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

சபை இன்னும் சில கூட்டங்கள் நடந்து, தலைவர் உரை மட்டும் மிஞ்சி, நின்றது. அன்னபூர்ணி சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடுத்த வருஷமும் தர்பார் அழைப்பு வந்தது. தொட்டையன் அப்போதும் லீவில் போயிருந்தான். கூடத்திலிருந்து, “அன்னம், இந்த முனையை…” என்று குரல் வந்தது. அடுக்களையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்துகொண்டே இருந்தாள். இரண்டாவது தடவை அவர் கூப்பிடவில்லை. அவள் கூடத்துக்கு வந்தபோது, கணபதிராமன் துணியின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டு, தலையைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.