தானாக வந்தவை

முப்பத்தாறு வருடம் நகரப் பூங்காக்களில் தோட்டக்காரனாக இருந்தவன் நான். அந்தக் காலத்தில் நான் பிடுங்கிய களையை எல்லாம் ஓரிடத்தில் குவித்திருந்தால், மலையேறுகிறவர்கள் கயிறும் கொக்கியுமாக வந்து இறங்கியிருப்பார்கள். இதை என் மகளிடம் பெருமையாகச் சொல்வேன். அவள் முகம் சுருங்கும். நகர நிர்வாகத்தில் அவளுக்கு வேலையே களையை எண்ணுவதுதான். நான் பிடுங்கிப் போட்டதை எல்லாம் தேடிப்பிடித்து நோட்டில் எழுத எனக்கே ஒரு மகள்.

மூன்று வருடமாக அவள் எண்ணிக்கொண்டிருந்தது பழைய பஸ் டிப்போவை. பஸ்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. அவை டயரில் கொண்டுவந்த சேறு மட்டும் தங்கிவிட்டது. அதில் முளைக்காத செடி இல்லை. நாயுருவி ஆட்களின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் இல்லாமல் வந்தது. எருக்கு பஞ்சு கட்டிக்கொண்டு பறந்து வந்தது. ஒர்க்‌ஷாப் கூரையில் நின்ற ஆலங்கன்று காக்கை வயிற்றில் வந்தது. பட்டாசுக்காய் மழைத்துளி பட்டதும் படபடவென்று வெடிக்கும். ஒருதரம் ஒரு விதை என் காதுக்குள் பாய்ந்து இரண்டு நாள் காது கேட்கவில்லை. சரி, அரை மணி நேரம்.

அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது என்றார்கள். தானாக வந்த செடிகள் நாற்பது வகை இருந்தால் இடத்தைத் தொடக்கூடாது என்று நகர நிர்வாகத்தில் ஒரு விதி உண்டு. மகளின் படிவத்தில் ஒவ்வொரு செடிக்கும் எதிரே இரண்டு கட்டம்: 'தானாக வந்தது', 'வைத்தது'. அவள் முப்பத்தொன்பதில் நின்றுபோனாள். ஆய்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

சில நாள் நானும் கூடப் போவேன். பேசிக்கொண்டே நடக்கையில் என் கை தன்பாட்டுக்கு எதையாவது பிடுங்கிவிடும்.

"அப்பா, கைய பாக்கெட்ல போட்டுக்கிட்டு வாங்க. இப்ப நீங்க பிடுங்கினது இருபத்தி மூணாம் நம்பர்."

"அதுக்கு நம்பர் இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நெத்தியிலயா எழுதியிருக்கு?"

சிரிப்பாள். அப்புறம் சிரிப்பதும் நின்றது. சோற்றுத் தட்டில் கை வைத்தபடி முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று முனகினாள். பெற்றவனுக்குப் பொறுக்குமா? பெரிய பூங்காவின் பின்வேலியில் முடக்கத்தான் கொடி கிடந்தது. டிப்போவில் அது இல்லை. கருப்பு விதையில் வெள்ளையாய் ஒரு பொட்டு. பதினொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மதிலோரம் புல்லுக்குள் கண்டபடி போட்டுவிட்டு வந்தேன். ஒரு வங்கியைக் கொள்ளையடித்தவன்கூட அவ்வளவு குஷியாக வீடு திரும்பியிருக்க மாட்டான்.

ஆய்வுக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, முடக்கத்தான். மதில் ஓரத்துல ஒரு நுனி எட்டிப் பாக்குது. நாப்பது ஆச்சுப்பா."

"அடடே, எந்த ரூட்டு பஸ்ஸுல வந்துச்சோ" என்றேன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எல்லாவற்றையும் நாலுதரம் பார்க்கிறவள், அன்றைக்குச் சந்தோஷத்தில் புல்லை விலக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் வந்த ஆய்வாளர் பார்த்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தார், அது தேவைப்படவில்லை. குச்சியால் புல்லை ஒதுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று… பதினொரு கொடி. நூல் பிடித்தது போல நேர்க்கோட்டில், ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

கண்டபடி போட்டேன் என்றுதான் நான் சத்தியமாக நினைத்திருந்தேன். முப்பத்தாறு வருடம் பாத்தி கட்டின கைக்குக் கண்டபடி போடத் தெரியாது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னம்மா இது, விதைங்க அணிவகுத்து வந்துச்சா?" என்றார் ஆய்வாளர்.

மகள் கொடிகளைப் பார்க்கவில்லை. அருகே நின்றிருந்த என் கைகளைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து நாற்பதாவது செடிக்கு எதிரே 'வைத்தது' கட்டத்தில் தானே டிக் போட்டாள்.

"நான்தான் சார் வச்சேன். அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"சரிங்க பெரியவரே. மத்த முப்பத்தொன்பதை யார் வச்சாங்க?"

பட்டியல் முழுவதையும் தள்ளினார்கள். மகளை அலுவலகத்தில் கோப்பு அடுக்க உட்கார வைத்தார்கள். வீட்டில் அவள் என்னைத் திட்டவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஏழு மாதம் போனை எடுக்கவில்லை.

டிப்போ இப்போது கார் நிறுத்துமிடம். நேற்று அந்தப் பக்கம் நடந்தேன். பதினான்காம் எண் போட்ட கட்டத்தின் மூலையில் சிமெண்ட் விரிசலில் ஒரு முளை. இரண்டே இலை. அதுவரை நான் பார்த்திராத இலை. போன் போட்டேன். எடுத்தாள்.

"சொல்லுங்க."

"அம்மாடி, விரிசல்ல ஒண்ணு முளைச்சிருக்கு. உன் பட்டியல்ல இல்லாதது."

"வரிசையாவா?"

"ஒண்ணே ஒண்ணுதான்மா. நான் வைக்கல. உன்மேல சத்தியம்."

"இலை விளிம்பு எப்படி இருக்கு? ரம்பம் மாதிரியா?" அந்தப் பழைய அவசரம் குரலில் வந்துவிட்டது. "சரி, அங்கேயே நில்லுங்க. பக்கத்துல யாரையும் விடாதீங்க. இதோ கிளம்பிட்டேன்ப்பா."

விளிம்பைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். விரிசல் காலியாக இருந்தது. முளை என் இடது கையில் இருந்தது, வேர் அறாமல், மண் உதறி, பழகின கை பிடுங்குகிற அத்தனை சுத்தமாக.